கொய்யா மரத்துக்கு வந்த பூச்சி

மண்டபம் பக்கம் போலீஸ் ஊதச் சொன்னபோது, திருவிழா பலூன்காரன் மாதிரி முழு மூச்சையும் கொடுத்து ஊதினேன். பயம் வந்தால் எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. கோர்ட்டில் அபராதம் போட்டு லைசென்ஸை முடக்கினார்கள். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் குடிக்காரர்களுக்குப் புத்தி சொல்லும் கவுன்சலர் அம்மா, 'இவர் வண்டி ஓட்டலாம்' என்று எழுதிக் கொடுத்தால்தான் அது திரும்பி வரும். நான் ராமேசுவரத்துக்குக் கோயில் சவாரி ஏற்றிப் பிழைக்கிற வேன்காரன். லைசென்ஸ் இல்லையென்றால் வீட்டில் நானும் ஒரு பீரோ.

வீட்டு ஆளையும் கூட்டிவரச் சொல்லியிருந்ததால் மனைவியோடு பஸ்ஸில் போனேன். குடிப்பழக்கத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்களே என்று விடிந்ததிலிருந்து பதற்றம். பதற்றத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொஞ்சம்போல ஊற்றிக்கொண்டு, வாடை தெரியாமலிருக்க நாலு கொய்யா இலையை மென்று துப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். இப்படியொரு அறிவாளி கமுதி வட்டாரத்திலேயே கிடையாது.

கவுன்சலர் அம்மா தாளைப் பார்த்துக் கேட்டார். "காலையில எந்திரிச்சதும் குடிக்கத் தோணுமா?"

"சேச்சே! காலையில காப்பியே எனக்கு ஜாஸ்தி மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கொய்யா இலையா?"

"வயித்துக்கு நல்லதுன்னு..."

"இங்கன வர்றவுகள்ல பாதிப் பேருக்கு வயிறுதான் சரியில்ல."

சிரித்தது நான் மட்டும்தான். மனைவி என் பக்கம் திரும்பாமல் அவரிடம் சொன்னாள்.

"எங்க வீட்டுக் கொய்யா மரத்துல கைக்கெட்டுற கிளையெல்லாம் மொட்டையாக் கெடக்கும் மேடம். பூச்சின்னு ரெண்டு வருசமா வேப்பெண்ணெய் தெளிக்கிறேன். பக்கத்து வீட்டு ஆட்டை வேற வஞ்சுட்டேன். அந்த அக்கா இன்னும் எங்கூடப் பேசுறதில்ல."

"ஆட்டுக்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றேன். வாயை மூடத் தெரியாதது என்னுடைய இன்னொரு வியாதி.

"குடிக்கிறது சாயங்காலம் மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன்" என்றாள், அதே தணிந்த குரலில். "காலைச் சவாரிக்கு நாந்தான் துன்னூறு பூசி அனுப்புவேன். எங்க அய்யா ஆத்தாவை அந்த வேன்லதான் ஏத்திவிட்டேன் மேடம்."



கவுன்சலர் அம்மா தாளை மடித்தார். "இன்னைக்கு எழுதித் தர முடியாதுண்ணே. இங்கயே குடி நிறுத்துற வார்டுல சேருங்க. மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும், சட்டுன்னு விட்டா ஒடம்பு தாங்காது. லைசென்ஸை அப்புறம் பாப்போம்."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நான் கூட இருக்கணுமா மேடம், இல்ல விட்டுட்டுப் போயிரலாமா?"

வார்டைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதில் வருவதற்குள் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவள் உதறவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.