டிரம்மில் ஓட்டிப் பார்த்த படகு மோட்டார்

அன்று காலையிலிருந்தே எனக்கு முட்டி வலி. முப்பது வருஷமாக வண்டிகளை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்த கால் அது. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் என் பட்டறைக்கு இப்போது வருவதெல்லாம் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளும், வயலுக்கு மருந்தடிக்கும் மிஷின்களும்தான். அன்றைக்குத் தொண்டூரிலிருந்து வந்த இரண்டு மிஷின்களைப் பிரித்துப் போட்டிருந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. இறங்கியவர் என் சம்பந்தி.

அவரை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், போலீஸ் ஸ்டேஷனில். என் மகள் திண்டிவனத்தில் நர்சிங் படித்தபோது ஒரு பையனோடு பழகி, எங்களிடம் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம், மீன்பிடிக்கிற குடும்பம். நாங்கள் தலைமுறையாக வயலில் மணிலாக் கடலை போடுகிறவர்கள். ஸ்டேஷனில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டதோடு சரி. இரண்டு வருஷமாக நான் மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் மனைவி மட்டும், அனந்தபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். திரும்பி வரும்போது பையில் கருவாட்டு வாசனை அடிக்கும். நான் கேட்டதில்லை.

"வாங்க சம்மந்தி," என்றேன். வேறு என்ன சொல்ல?

"மோட்டார் ஒண்ணு சரியா ஓடல. ஒங்க பொண்ணுதான் சொல்லுச்சு, எங்க நைனாகிட்ட எடுத்துட்டுப் போங்கன்னு," என்றார் அவர். வண்டிக்குள் கோணிப்பையில் சுற்றி ஒரு படகு மோட்டார் கிடந்தது. உப்பு அரித்து வெள்ளை பூத்த, இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். அவர் ஊர் மெக்கானிக்குகள் பழசாகிவிட்டது, வேறு வாங்கு என்று கைகழுவிவிட்டார்களாம்.

"இன்னா பண்ணுது?"

"ஸ்டார்ட் ஆவுது. நல்லாத்தான் ஓடுது. அரை மணி, முக்கா மணி நேரம் போனா இழுவ கொறஞ்சிடுது. படகே நடுங்குது. கொஞ்சம் ஆறுனா மறுபடியும் ஓடுது."

கேட்டதும் எனக்கு இரண்டு மூன்று காரணங்கள் தோன்றின. சூடானால் வருகிற கோளாறு, ஆறினால் போய்விடுகிற கோளாறு. மெக்கானிக்குக்கு அதைவிடச் சள்ளை பிடித்த வேலை கிடையாது. ஆனால் கார்பரேட்டரைக் கழற்றியவுடன் உள்ளே பழைய பெட்ரோலும் ஆயிலும் கெட்டியாகி ஜெல்லி மாதிரி படிந்திருந்தது. பெட்ரோல் போகிற ஜெட் துவாரம் பாதி அடைத்திருந்தது. இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். சுத்தம் செய்தேன், இரண்டு பிளக்கும் மாற்றினேன். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் அடிப்பாகத்தை இறக்கி, மேல் மூடியைப் போடாமலே கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் ஓட்டினேன். சத்தம் சீராக இருந்தது.

"அவ்ளோதான் சம்மந்தி."

அவர் தலையாட்டினார். என் மனைவி வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்பட்டுமா என்று போனில் கேட்டாள். அவர் நேரமாச்சு என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். குட்டியானை ரோட்டில் திரும்பி மறைந்தபோது எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

ஒன்பது நாள் கழித்து என் போன் அடித்தது. மகள். அவள் அம்மாவுக்குத்தான் கூப்பிடுவாள். என் நம்பருக்குக் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"நைனா, மோட்டாரு நடுக்கடல்ல நின்னுடுச்சு."

"யாரு இருந்தாங்க போட்டுல?"

"ரெண்டு பேருமேதான். மாமாவும் அவரும். இழுவ கொறஞ்சிடுச்சின்னு ஆறட்டும்னு நிறுத்தியிருக்காங்க. அப்பறம் புடிக்கவே இல்ல. காத்து வேற அடிச்சிக்கினு போயிடுச்சாம். வேற போட்டுக்காரங்க பாத்து கட்டி இழுத்துட்டு வந்தாங்க. காலைல வரவேண்டியவங்க மத்தியானம் வந்தாங்க." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "நீ நல்லா பாத்தியா நைனா?"

 எடுத்து வரச் சொல்லு என்று மட்டும் சொன்னேன்.

பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். பைக் என்றால் நான் யாரையும் நம்ப மாட்டேன். நானே அனந்தபுரம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். இந்த மோட்டாரை மட்டும் ஐந்து நிமிஷத்தில் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து வரும் கோளாறு என்று அந்த மனிதர் வாயைத் திறந்து சொல்லியிருந்தார். அந்தப் பையன் நன்றாக இருக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் நான் நினைத்ததுண்டு. நான் சரிபார்க்காமல் அனுப்பிய மோட்டாரோடு அவன் காற்றில் அடித்துக்கொண்டு போயிருக்கிறான். ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலை சம்பந்தி வந்தார். முகத்தில் கோபம் இல்லை, குறையாக ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இந்தத் தடவை டிரம்மில் மோட்டாரை மாட்டி, கடலில் ஓடுவது போல மேல் மூடியையும் போட்டு மூடினேன். போர்வெல்லிலிருந்து ஹோஸ் இழுத்து டிரம்மில் விட்டேன், இல்லாவிட்டால் தண்ணீரே கொதித்துவிடும். கயிற்றை அவரே இழுத்தார். மோட்டார் பிடித்தது.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எதிரே ராஜகிரிக் கோட்டைப் பாறையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புகை ரோடு வரைக்கும் போனது. டீ குடிக்கப் போன ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னாண்ணே, செஞ்சிக்குக் கடல் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நானும் சம்பந்தியும் ஆளுக்கொரு ஸ்டூலில். சத்தத்துக்கு நடுவே பேசவும் முடியவில்லை. பேசாமல் இருக்க அது ஒரு சாக்காகவும் இருந்தது.

நாற்பது நிமிஷம் இருக்கும். சத்தம் மாறியது. வேகமாக நடந்து வந்தவன் திடீரென்று நொண்டுகிற மாதிரி. சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். "இதான். இதேதான்."

மூடியைத் தூக்கினேன். ரப்பர் பிடி போட்ட குறடால் மேல் பிளக்கின் வயரை இழுத்தேன். மோட்டார் நிற்கப் பார்த்தது. உடனே சொருகிவிட்டுக் கீழ் பிளக்கின் வயரை இழுத்தேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் கீழ் சிலிண்டர் வேலையே செய்யவில்லை, மேலே இருப்பது ஒன்றுதான் இரண்டு பேர் வேலையையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தி, கீழ் பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்து ஈரமாக இருந்தது. பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. கார்பரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு காயில் உண்டு, அதிலிருந்துதான் பொறி வரும். இரண்டையும் கழற்றி, மேல் காயிலைக் கீழேயும் கீழ்க் காயிலை மேலேயும் மாற்றிப் போட்டேன். கோளாறு காயிலில் இருந்தால் அதோடு சேர்ந்து மேலே போக வேண்டும். மறுபடியும் ஓட்டினோம். மறுபடியும் காத்திருந்தோம். என் மனைவி சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள், சம்பந்திக்கு இலை போட்டாள். அவர் கையைக் கழுவிவிட்டு மோட்டாரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு வைக்கும்போது சத்தம் நொண்ட ஆரம்பித்தது. போய்ப் பார்த்தேன். இப்போது மேல் சிலிண்டர் செத்திருந்தது.

"காயிலுதான்," என்றேன். மோட்டாரை நிறுத்தினேன். காதில் அமைதி வந்து அடைத்தது. அந்த அமைதியில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "மொத தடவையே நான் இப்படி ஓட்டிப் பாத்திருக்கணும் சம்மந்தி. அஞ்சு நிமிஷம்தான் ஓட்டுனேன்."

அவர் இலையை மடித்தார். "தெரியும். நான் இங்கதான நின்னுக்கினு இருந்தேன்."

நான் ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கன்னு நானும் சொல்லியிருக்கலாம். எப்படா கெளம்பலாம்னுதான் இருந்துச்சு எனக்கும்," என்றார். என் மனைவி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மாடலுக்குக் காயில் இப்போது வருவதில்லை. பாண்டிச்சேரியில் விசாரித்தேன், இல்லை. கடலூரில் உடைத்துப் போட்ட மோட்டார்களை விற்கிற ஒரு கடையில் இருக்கும் என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். மூன்று காயில் காட்டினார்கள். வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெயிலில் தகதகத்த தகரத்தின் மேல் வைத்து, நன்றாகச் சூடேறிய பிறகு அங்கிருந்த ஒரு மோட்டாரில் மாட்டிப் பொறி பார்த்தேன். கடைக்காரர் எரிச்சலோடு பார்த்தார். மூன்றாவதுதான் தேறியது. திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுப்புரம் வரை நின்றேன்.

காயிலைப் போட்டு டிரம்மில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை, நொண்டவில்லை. ஆனாலும் டிரம் வேறு, கடல் வேறு. சம்பந்தி எடுத்துப் போக வந்தபோது, "நானும் வரேன்" என்று குட்டியானையில் ஏறி உட்கார்ந்தேன். அவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

மகள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாளா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா, தெரியவில்லை. "டீ குடிக்கிறியா நைனா?" என்றாள். "வந்து குடிக்கிறேன்" என்று நேராகக் கரைக்குப் போய்விட்டேன். வேலை முடியாமல் அந்த வீட்டில் உட்கார எனக்கு முகம் இல்லை.

படகில் மூன்று பேர். சம்பந்தி மோட்டாரைப் பிடித்திருந்தார், நான் நடுவில், அந்தப் பையன் முன்னால். அலையைத் தாண்டும்போதே வயிறு புரண்டது. கால் மணி நேரத்தில் காலையில் சாப்பிட்ட இட்லி கடலுக்குப் போனது. பையன் என் பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். "மாமா, தண்ணிய பாக்காதீங்க. கரைய பாருங்க. இந்தக் கயித்த புடிச்சிக்குங்க." அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். அவன் கை முழுக்கக் காய்ப்பு. கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

நாற்பது நிமிஷம் தாண்டியது. சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டேன். ஒரு மணி நேரம். மோட்டார் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தி முழு வேகம் கொடுத்தார், படகு தலையைத் தூக்கியது. பையன் சிரித்தான். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இன்னொரு தடவை வாந்தி எடுத்தேன். போதும், திரும்பலாம் என்று கையைக் காட்டினேன்.

வீட்டில் மகள் மோர் கொடுத்தாள். சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றினாள். நாலு வாய் உள்ளே போனது. அவளிடம் கேட்க வேண்டியது, சொல்ல வேண்டியது என்று வழியெல்லாம் ஏதேதோ சேர்த்து வைத்திருந்தேன். சுவரில் சாய்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அவள் ஃபேனைப் போட்டு, ஒரு தலையணையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

கண் விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. என்மேல் ஒரு போர்வை கிடந்தது. கடைசி பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று பையன் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவிலேயே பிடித்துக்கொண்டாள். "மோட்டாரு?"

"ஓடுது."

"பொண்ணு இன்னா சொன்னா?"

"பேசல. தூங்கிட்டேன்."

"ரெண்டு வருஷம் கழிச்சு போயி தூங்கிட்டு வந்தியா?" என்றாள். திட்டுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முட்டிக்குப் போடத் தைலத்தை எடுத்து வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அனந்தபுரம் என்று பொய் சொல்லாமல், மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.