லைக் போட்டவர்களைத் தேடிய ஃபங்ஷன் அக்கா

படம் போட்டால் லைக் குவிகிறது. கடைக்கு ஒரு ஃபோன்கூட வருவதில்லை. அப்படியானால் லைக் போடுகிறவர்கள் எல்லாம் யார்?

பலருக்கும் இந்தக் கேள்வி எழும். எழுந்த வேகத்தில் அடங்கியும் விடும். ஃபங்ஷன் அக்காவுக்கு அடங்கவில்லை. அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று ஃபோனோடு உட்கார்ந்துவிட்டார்.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பிறந்தநாள், பணி ஓய்வு விழா, கம்பெனி ஆண்டு விழா என்று எதுவானாலும் மேடை முதல் நாற்காலி வரை ஏற்பாடு செய்து தருவது அவர் தொழில். பைக் மெக்கானிக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. மாடிப்படியில் பாதியை ஏணி பிடித்துக்கொண்டிருப்பதால் ஏறுகிறவர்கள் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். உள்ளே சுருட்டி நிறுத்திய துணிகள், பிளாஸ்டிக் பூ நிரம்பிய அட்டைப்பெட்டிகள், யாரோ திரும்ப வாங்க மறந்த ஒரு மைக் ஸ்டாண்ட். கீழே வண்டியை முறுக்கினால் மேலே பேச்சு காதில் விழாது. "ஒரு நிமிஷம் சார், வண்டி போகட்டும்" என்பது அவர் வாயில் வணக்கத்துக்கு அடுத்தபடி வரும் வாக்கியம்.

முன்பு அழைப்பிதழ் அச்சடிக்கும் கடையில் ஆர்டர் எடுக்கிற வேலை. வருகிறவர்கள் அட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "மேடை யார் போடுவாங்க? சவுண்டு சர்வீஸ் யாரு?" என்று கேட்பார்கள். இவர் எண் கொடுப்பார். கொடுத்துக் கொடுத்து, ஊரில் பாதி விழா தன் நாக்கு நுனியில்தான் நடக்கிறது என்று ஒருநாள் உறைத்தது. வேலையை விட்டார், போர்டு மாட்டினார். அச்சுக்கடைக்காரரும் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். பிறகு அழைப்பிதழெல்லாம் ஃபோனில் போகத் தொடங்கியது. அச்சுக்கடை மூடப்பட்டது, ஆள் வரத்தும் நின்றது. மிஞ்சியது ஃபோனில் கடைப் பேரில் வைத்திருந்த பேஜ் மட்டும்தான்.

பேஜைப் பார்த்துக்கொள்வது நாத்தனார். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் அண்ணிக்குப் படப்பிடிப்பு. அவருக்கு ஒரு விதி உண்டு. "கூட்டம் உள்ள வர்றதுக்கு முன்னாடி எடுத்துடணும் அண்ணி. வந்துட்டா எல்லாம் கலைஞ்சு போயிடும்." ஆகவே பேஜ் முழுக்க ஜொலிக்கும் மேடைகள், நூல் பிடித்த நாற்காலிகள். மருந்துக்கும் மனிதர் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் பெரிய மண்டபத்தின் மேனேஜர் படியேறி, ஏணியில் சட்டையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"உங்க வேலை எங்களுக்குத் தெரியும்மா. மண்டபத்துக்கே வந்துடுங்க. மாசம் பொறந்தா சம்பளம். இந்த போர்டைக் கழட்டிடுங்க, பேஜை எங்க பேருக்கு மாத்திடுங்க. அவ்வளவு பேர் ஃபாலோ பண்றாங்களே, சும்மாவா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற ஆள் பார்த்துடுவோம்."

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். "சம்பளம் வந்தா நிம்மதியாத் தூங்கலாம். நான் போன்னு சொல்லல, நீயே யோசி" என்றார்.

"அதுக்குப் பேருதான் சொல்றது" என்றார் அக்கா.

போர்டைக் கழற்ற அவருக்கு மனமில்லை. ஆனால் வேலை வராமல் போர்டை மட்டும் வைத்து என்ன செய்வது? மாசக் கடைசிக்குள் பேஜ் வழியாக வேலை வர வேண்டும். அதற்கு முதலில் அங்கே இருப்பவர்கள் யாரென்று தெரிய வேண்டும். லைக் போட்டவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினார்: "வணக்கம். என் படத்துக்கு லைக் போட்டதுக்கு நன்றி. வீட்ல ஏதாவது விசேஷமா?"

பதில்கள் வரத் தொடங்கின. "விசேஷம் இல்ல மேடம், பஸ்ல போறப்ப சும்மா பார்ப்பேன்" என்றார் ஒருவர். "நான் போடலையே, என் குழந்தை அமுக்கியிருக்கும்" என்றார் இன்னொருவர். "யாரு நீங்க? ஓ.டி.பி. எல்லாம் தர முடியாது, போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று ஒரு பெரியவர் எகிறினார்.

"லைக்குக்கு நன்றி சொல்லி ஜெயிலுக்குப் போன முதல் ஆள் நீங்களாத்தான் அண்ணி இருப்பீங்க" என்றார் நாத்தனார்.

எந்தப் படம் போட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்கும் ஒருவரிடமிருந்து வந்த பதில் வேறு மாதிரி இருந்தது: "நானும் உங்க தொழில்தான்க்கா. பக்கத்து ஊரு."

அவருடைய பேஜைத் திறந்தார்கள். அக்காவின் மேடை அப்படியே அங்கே நின்றது. அதே வளைவு, அதே விளக்குகள். மேடைக்கு இடப்பக்கம் மட்டும் தொங்கும் அதே நீலத் திரை.

"திருட்டுப் பய!" நாத்தனார் கொதித்தார். "கமெண்ட்ல போய்க் கிழிச்சுடட்டுமா?"

அக்கா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிழிக்கலாம், இரு. இந்தத் திரையை இவரு எதுக்கு இங்க போட்டிருக்காரு?" கையோடு ஃபோன் போட்டார்.

"தம்பி, சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த நீலத் திரை எதுக்கு இடது பக்கம் மட்டும்?"

"அது ஒரு ஸ்டைல்க்கா. ஒரு பக்கமா விட்டா எடுப்பா இருக்குல்ல?"

"நான் மேடை போட்ட ஹால்ல அந்த எடத்துல தண்ணி ஒழுகி சுவரெல்லாம் கறை. அதை மறைக்கப் போட்டது தம்பி."

"ஐயய்யோ! எனக்கு அங்க ஜன்னல்க்கா! அதை மூடிட்டு, புழுங்குதுன்னு ஃபேனை வேற வாடகைக்கு எடுத்தேனே!"

அக்கா சிரித்த சிரிப்பில் கீழே ஸ்பானர் சத்தம் நின்றுபோனது.

"சிரிங்கக்கா, நல்லா சிரிங்க. முடிச்சுட்டு ஒண்ணு சொல்லுங்க. மேடையை அச்சு அசலா போட்டுடறேன். ஆனா ஆளுங்க வந்ததும் என் விழா சந்தைக்கடை ஆயிடுது. உள்ள வர்றவங்க, சாப்பிடப் போறவங்க, ஃபோட்டோவுக்கு நிக்கறவங்க எல்லாரும் ஒரே எடத்துல முட்டிக்கறாங்க. உங்களுக்கு மட்டும் எப்படி அப்படி ஆகல?"

"ஆகலன்னு எப்படித் தெரியும்? என் படத்துலதான் ஆளே இல்லையே."

"அதைத்தான்க்கா கேக்கறேன். படத்துல அது மட்டும் தெரிய மாட்டேங்குது."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு நாத்தனாரும் அவரும் லைக் போட்ட மற்றவர்களின் பேஜ்களையும் திறந்து பார்த்தார்கள். பூ அலங்காரம், பலூன், பந்தல், மண்டபம், கேக் என்று பாதிக்கு மேல் தொழில்காரர்கள். மீதியில் சிலர் அக்காவின் படத்தைச் சேமித்து, தங்கள் தெருவில் இருக்கிற ஆளிடம் காட்டி, "இதே மாதிரி போடுங்க" என்று வேலை வாங்கியிருந்தார்கள். இத்தனை நாளும் அண்ணியும் நாத்தனாரும் ஊர் மேடைக்காரர்களுக்கெல்லாம் இலவசமாக விளம்பரம் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"பேஜை மூடிடலாமா அண்ணி?" என்றார் நாத்தனார்.

"மூடறதா? பார்த்துக் காப்பியடிக்க முடியறதை மட்டும்தானே நாம காட்டினோம். இனிமே மத்ததைக் காட்டுவோம்."

அடுத்த விழாவில் நாத்தனார் மாடி வராந்தாவில் நின்று, கூட்டம் உள்ளே வந்தபின் படம் எடுத்தார். எடுக்கும்போதே புலம்பினார்: "பாருங்க, ஒருத்தர் வாயைத் திறந்து கொட்டாவி விடறாரு!" அந்தப் படத்தின் மேல் அக்கா அம்புக்குறிகள் வரைந்தார். இவர்கள் ஏன் இந்த வழியாக வருகிறார்கள், தண்ணீர் ஏன் மேடைக்கு எதிர்க்கோடியில் இருக்கிறது, இந்த வரிசையில் நடுவே ஏன் ஒரு இடைவெளி என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினார்.

லைக் பாதாளத்துக்குப் போனது. ஆனால் ஒரு பெண் ஃபோன் செய்தார். "எங்க அப்பா சக்கர நாற்காலியில இருக்காரு. எந்த விழாவுலயும் அவரைக் கடைசில ஒரு ஓரத்துல தள்ளிடறாங்க. நடுவுல விட்டிருக்கற இடைவெளி சக்கர நாற்காலிக்குன்னு எழுதியிருக்கீங்களே, நிஜமாவா?"

"ஆமாங்க. நடுவுல உட்காருவாரு, சுத்தி சொந்தக்காரங்க இருப்பாங்க."

"அப்போ அவரோட பிறந்தநாளை நீங்களே செஞ்சு குடுங்க."

ஒரு வேலை வந்துவிட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு போர்டைக் காப்பாற்ற முடியுமா? பக்கத்து ஊர்க்காரர் மறுபடி அழைத்தார். அவரிடம் ஒரு பெரிய விழா இருந்தது, பழைய மாணவர் சந்திப்பு. "இதுக்கு நீங்க வரணும்க்கா, சும்மா இல்ல. மேடை என்னுது, கூட்டம் உங்களுது. உங்க பங்கு தனி. இது ஒழுங்கா நடந்தா எனக்கு வர்ற எல்லா விழாவுக்கும் நீங்கதான்." நாள் கேட்டார் அக்கா. மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டிய அதே மாசக் கடைசி.

விழா அன்று கதவு திறக்கும் நேரம் பார்த்து மேனேஜரின் ஃபோன். "என்னம்மா முடிவு?"

"கூட்டம் உள்ள வரட்டும் சார். நானே கூப்பிடறேன்."

கதவு திறந்தது. முதலில் வந்தவர் இரண்டடி வைத்ததும், "டேய் குண்டா!" என்று கத்திக்கொண்டு அடுத்தவரைக் கட்டிப்பிடித்தார். வாசலிலேயே. அவர்களைச் சுற்றி நாலு பேர், அவர்களைச் சுற்றி பத்துப் பேர். பின்னால் வந்தவர்கள் தெருவரை நின்றுவிட்டார்கள். அக்கா வரைந்த அம்புக்குறி எதுவும் இதற்கு உதவாது. பல வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள் பார்த்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றாமல் போயிருந்தது.

பக்கத்து ஊர்க்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. "உள்ள போங்கன்னு மைக்ல சொல்லட்டுமாக்கா?"

"சொன்னா கேக்கற வயசா தம்பி இவங்களுக்கு? வாசல்ல இருக்கற அந்த டீ மேசையைத் தூக்குங்க. கோடியில கொண்டு போடுங்க. சுவரெல்லாம் பழைய ஸ்கூல் ஃபோட்டோ மாட்டியிருக்கீங்களே, அதுக்குக் கீழ."

மேசை கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போனது. டீ போகிற திசையில் ஒருவர் போனார். அவர் தோளில் கைபோட்டிருந்தவரும் போனார். கோடியிலிருந்து, "இங்க பாருடா, உன் மூஞ்சி!" என்று குரல் வந்ததும் மீதிப் பேரும் நகர்ந்தார்கள். வாசல் காலியானது, தெருவில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

"எப்படிக்கா?" பக்கத்து ஊர்க்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இதை நான் எப்படிக் காப்பியடிக்கறது?"

"கூட நில்லுங்க, பாருங்க. அடுத்த விழா எப்போன்னீங்க?"

அவர் தேதி சொன்னார். அக்கா ஓரமாகப் போய் மேனேஜரை அழைத்தார்.

"வரல சார். போர்டு இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சீங்களாம்மா? சரி, பேஜையாவது குடுத்துடுங்க."

"அதுல பாதிப் பேர் மேடைக்காரங்க சார். உங்களை மாதிரி மண்டபத்துக்காரங்களும் இருக்காங்க. இந்தத் தம்பி மாதிரி அவங்க எனக்கு வேலை குடுப்பாங்க. உங்க மண்டபத்துக்கு எதுக்கு?"

மேனேஜர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் கண் நாற்காலிப் பக்கம் போய்விட்டது. பின்வரிசை நிரம்பி வழிந்தது, முன்னால் மூன்று வரிசை காலி. வைத்துவிடுகிறேன் சார் என்று ஃபோனை வைத்துவிட்டு, கடைசி வரிசையில் இருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரரின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஏன் சார், முன்னாடி எடம் இருக்கே. எல்லாரும் ஏன் இங்கயே உட்கார்ந்துட்டீங்க?"