பாறையோடு தூக்கியவர்

புது நாலடி மீன் தொட்டியைப் புக்கிட் காத்தில் என்ற ஊரிலுள்ள என் வீட்டில் இறக்க வந்த லாரி ஓட்டுநர் அவர். உருண்டை உடம்பு, முழங்காலுக்கு மேல் சுருட்டிய கால்சட்டை, ஓயாத வாய். வந்த வேலை முடிந்தும் போகாமல், என் கடல் மீன்கள் வீடு மாறுவதை நின்று வேடிக்கை பார்த்தார்.

மற்ற மீன்கள் எல்லாம் மாறிவிட்டன. கோமாளி மீன் ஜோடியில் ஆண் மட்டும் பழைய தொட்டியில் பாறைப் பொந்துக்குள் புகுந்துகொண்டது. ஒரு மணி நேரமாக வலையோடு மல்லுக்கட்டினேன். இன்னும் விரட்டினால் பயத்திலேயே செத்துவிடும்.

அவர் போன் அலறியது; முதலாளி. "ரோட்டுல ஜேம் பாஸ், செங் பக்கம் பயங்கர ஜேம்லா!" என்று கூசாமல் புளுகிவிட்டு, கையை முழங்கைவரை பழைய தொட்டித் தண்ணீருக்குள் விட்டார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"வீடு மாத்துறப்ப அலமாரித் துணிய ஒவ்வொண்ணாவா எடுப்போம்? அலமாரியோட அப்படியே தூக்கிருவோம்லா. தம்பி, கீழ வாளியப் பிடி!"

காலேஜ் படித்த என் மூளைக்கு இது தோன்றவேயில்லை.

பாறை மீனோடு புதுத் தொட்டியில் இறங்கியது. ஆரஞ்சு மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. பெண் மீன் ஓடிவந்து அதை இடித்தது. அவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். என் சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர்.

மீன் என்னுடையது. அந்த மனுஷன் ஏன் என்னைவிட உயரமாகக் குதித்தார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.