விட்டது யாரு, அண்ணாச்சி?

சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, எங்கள் தெருவில் கட்சியின் கிளைச் செயலாளர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். சுவரொட்டிகளைத் தானே ஒட்டி, சுருக்கம் போக உள்ளங்கையால் தடவிவிடுவார். தனிநாடு கேட்டுச் சிறைக்குப் போனவர்.

ஒருநாள் கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. அவர் உறுப்பினர்களின் வீடுவீடாகப் போய், ‘நீங்களும் விட்டுட்டீகளா?’ என்று கேட்டுவிட்டு, டீக்கடையில் என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“எல்லாரும், ‘நான் இன்னும் நம்புறேன், கட்சிதான் விட்டிருச்சு’ங்காக. அப்ப விட்டது யாரு, அண்ணாச்சி?”

“தலைவர்கள்தானே?”

“மதுரைக் கூட்டத்துக்குப் போயி அவுகளையும் கேட்டேன். மனசுல அப்படியேதான் இருக்காம்.”

அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.

சில வருஷங்களில் கட்சி ஜெயித்தது. தெருவெல்லாம் சரவெடி. தன் வீட்டு வாசலில் நின்ற செயலாளரிடம், “சந்தோசம்தானே?” என்று கேட்டேன்.

“கட்சிக்கு ரொம்பச் சந்தோசம், அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.