நீங்கள் முதல் வையுங்கோ

டெலிபோன் ஓப்பரேட்டர் என்றால் ஊரையே கைக்குள் வைத்திருப்பவன் என்று சனங்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைக்குள் போய்விட்டது.

அறுபதுகளின் தொடக்கம். வன்னியில் ரயில் நிற்கிற ஒரு சின்ன ஊரின் தபாற்கந்தோர். அதன் பின்னறையில் சுவரோடு நின்ற ஒரு மரப்பலகைதான் என் ராச்சியம். இருபத்துச் சொச்சம் இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டித் தகரக் கதவு. வீட்டில் யாராவது டெலிபோனின் கைபிடியைச் சுற்றினால் இங்கே அவர்களுடைய கதவு தொப்பென்று விழும். யார் வேண்டும் என்று கேட்டு, ஒரு கயிற்றின் ஒரு முனையை இங்கும் மறுமுனையை அங்கும் செருகிவிட வேண்டும். குரங்குக்குக் கூடப் பழக்கலாம். பழக்கியிருந்தால் அது என்னைவிடத் திறமாகச் செய்திருக்கும்.

பலகைக்குச் சுகமில்லாமல் போயிற்று. வடக்கே பளைக்குக் கதைத்தால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவது போலச் சத்தம். சில மாதத்துக்கொரு தடவை வவுனியாவிலிருந்து ஒரு மெக்கானிக் பெட்டியோடு வருவார். பற்றரி மாற்றி, உள்ளே தூசி துடைக்க அவருக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும். அந்த நேரம் பலகையில் ஒரு கயிறும் செருகியிருக்கக் கூடாது. போன தடவை வந்தவர், சனம் கதையை நிறுத்தும் நிறுத்தும் என்று பார்த்திருந்து, மூன்று பிளேன்ரீ குடித்துவிட்டு ரயிலேறிவிட்டார். போகிறபோது "ஓப்பரேட்டருக்குச் சந்தாதாரர் மீது கட்டுப்பாடு இல்லை" என்று எழுதிவைத்துவிட்டும் போனார்.

எனக்கோ தகுதிகாண் காலம் முடிகிற நேரம். போஸ்ட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த முறையும் ஆள் சும்மா திரும்பினால், உம்மட நிரந்தரக் கடுதாசியில நான் கையெழுத்து வைக்கமாட்டன். பிறகு என்னோட கோவிக்கிறேல்லை."

ஆகவே மெக்கானிக் வருகிற அன்று காலையிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் மணி அடித்து அறிவித்தேன். "இண்டைக்குப் பன்ரண்டு மணியிலயிருந்து லைன் இருக்காது." எவ்வளவு கெட்டிக்காரன் நான் என்று எனக்கே புல்லரித்தது.

பதினொன்றரைக்கு எல்லாக் கதவுகளும் ஒரேயடியாக விழுந்தன.

முதலில் நெல் ஆலை முதலாளி. "தம்பி, சங்கக்கடை மனேஜரைத் தாரும். பன்ரண்டுக்கு லைன் இல்லையெண்டு சொல்ல வேணும்."

"அவருக்கு நான் சொல்லியாச்சு, முதலாளி."

"நீர் சொன்னால் அது அரசாங்கம் சொன்னது. நான் சொல்ல வேணுமெல்லே."

மனேஜரின் கதவும் விழுந்துதான் கிடந்தது. முதலாளிக்குச் சொல்வதற்காம். பொலிஸ்காரர் ஒருவர் புளியங்குளத்துக்குக் கோல் எடுத்து, இன்றைக்குக் கோல் எடுக்க ஏலாது என்று பத்து நிமிடம் விளக்கினார். லைன் இருக்காது என்று நான் சொல்லாமலே விட்டிருந்தால் அன்று மத்தியானம் ஊர் படுத்துத் தூங்கியிருக்கும்.

பன்னிரண்டேகாலுக்கு ஒருவாறு எல்லோரும் ஓய்ந்தார்கள், ஒரு கயிற்றைத் தவிர. அதன் ஒரு முனையில் நீர்ப்பாசன எஞ்சினியரின் மனைவி, மறுமுனையில் டொக்டரின் மனைவி. இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது ஊரில் தீராத விஷயம். பாதுகாப்புக்காக இவர் அவரை அக்கா என்பார், அவர் இவரை அக்கா என்பார். முதலில் டெலிபோனை வைப்பது, வந்தவர் வாசலில் நிற்கும்போதே படலையைச் சாத்துவதற்குச் சமம். அந்தக் குற்றத்தை இருவரும் செய்யத் தயாரில்லை.

"அப்ப வைக்கட்டே அக்கா?"

"ஓம் அக்கா, வையுங்கோ."

"இல்லை, நீங்கள் முதல் வையுங்கோ."

பெட்டியோடு வந்து காத்திருந்த மெக்கானிக் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணிக்குள் தொடங்காவிட்டால் மூன்று மணி ரயிலைப் பிடிக்க ஏலாது என்றார். நான் துணிந்து லைனுக்குள் நுழைந்தேன். "அம்மா, மன்னிக்க வேணும், லைன் நிப்பாட்ட வேணும்."

"ஓம் தம்பி, இந்தா வைக்கிறம். அக்கா, போன கிழமை ஊறுகாய்க்கு எத்தினை தேசிக்காய் எண்டு சொன்னனீங்கள்? முப்பதே?"

"நாப்பது," என்றேன் நான்.

லைனில் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி," என்றார் டொக்டரின் மனைவி, "நீர் எங்கட கதை முழுக்கக் கேக்கிறனீரோ?"

"இல்லை அம்மா. இடைக்கிடை."

மெக்கானிக் தலையில் கைவைத்தார். நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். "நான் மூண்டு மட்டும் எண்ணுறன். ரெண்டு பேரும் ஒண்டா வையுங்கோ. ஒண்டு... ரெண்டு... மூண்டு!"

அமைதி. பிறகு மெல்ல: "அக்கா?"

"ஓம் அக்கா, இருக்கிறன். நீங்கள் வைப்பியளெண்டு பாத்தனான்."

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடுங்கினேன். ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கக் கயிற்றைப் பிடுங்க எனக்கு அதிகாரம் கிடையாது. பிடுங்கியதோ எஞ்சினியர் வீட்டு லைனை.

வேலை முடிந்தது. மெக்கானிக் சந்தோஷமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ரயிலேறினார். பலகை கண்ணாடி மாதிரி. ஆனால் அந்த இரண்டு கதவுகளும் விழவில்லை. அன்று மட்டுமல்ல, மறுநாளும் இல்லை. நாளுக்கு மூன்று தரம் கதைக்கிறவர்கள்! மற்றவர்தான் டக்கென்று வைத்துவிட்டார் என்று ஆளுக்காள் கோபம் என்பது எனக்கு விளங்கிவிட்டது. கையெழுத்து விழாத என் கடிதம் போஸ்ட்மாஸ்டரின் மேசையில் கிடந்தது. எஞ்சினியர் வீட்டிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தால் போதும், அது அங்கேயே கிடக்கும்.

மூன்றாம் நாள் எஞ்சினியர் வீட்டுக் கதவு விழுந்தது.

"தம்பி, உண்மையைச் சொல்லும். அண்டைக்கு அவா ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வைச்சவா?"

"காத்து அடிச்சு வெட்டுப்பட்டிருக்கும், அம்மா."

"டெலிபோனுக்குள்ள காத்தோ?"

எனக்குப் பொய்யும் ஒழுங்காக வராது. "நான்தான் பிடுங்கினனான், அம்மா. ஐயாட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. என்ர வேலை நிரந்தரமாகிற நேரம்."

லைனில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"தம்பி, அண்டைக்கு என்ர அடுப்பில சோறு குழைஞ்சு களியாப் போச்சு. அவா வைக்காமல் நான் எப்பிடி வைக்கிறது? இதை நீர் பன்ரண்டு மணிக்கே செய்திருக்கலாமெல்லே?"

டொக்டர் வீட்டைத் தரச் சொன்னார். என்னையும் லைனில் நின்று சாட்சி சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் பக்கத்திலும் பெருமூச்சு. "ஐயோ அக்கா, எனக்கும் கால் விறைச்சுப் போச்சு."

அங்கேயே தீர்மானமும் ஆயிற்று. இனிமேல் கதை முடிந்தால் நான்தான் பிடுங்கவேண்டும். முடிந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஏன், நீர் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறனீர்?"

கிழமை முடிவில் போஸ்ட்மாஸ்டர் கடிதத்தோடு பின்னறைக்கு வந்தார். கையெழுத்து வைத்திருந்தார். மெக்கானிக் எழுதியதை எனக்கு உரத்து வாசித்தார்: "இந்த ஓப்பரேட்டர் சந்தாதாரர் மீது நல்ல கட்டுப்பாடு உடையவர்."

என் காதில் எஞ்சினியரின் மனைவி. "தம்பி, என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்? முடிஞ்சுது, பிடுங்குமன்!"

பிடுங்கினேன்.