அக்காவின் பயிற்சி ஏட்டில் முப்பது கையெழுத்து

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உங்களில் பலர் அக்காவை நன்கு அறிந்தவர்கள். சிலர் அக்காவின் கைகளை மட்டும் அறிந்தவர்கள். இரு சாராருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். என் நாட்குறிப்புகள் பக்கத்தில் இருக்கின்றன. இருந்தும், அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாட்கள் வரிசையில் நிற்பதில்லை. பனிக்காலத்துக் காலையில் குமுளி மலை தெரிவதும் மறைவதுமாக இருக்குமே, அப்படி இருக்கிறது.

மயிலாடும்பாறையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். நான் ஆறு வயது இளையவள். எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. என் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. இன்று நான் பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவேடுகளைப் பராமரிக்கிறேன் என்றால் அதற்கு அக்காதான் காரணம்.

கூடலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அத்தான் காலமானபோது மகளுக்கு நான்கு வயது. அன்று தொடங்கி பதினெட்டு ஆண்டுகள், காலை ஆறு மணி ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறித்தார். மகளைப் படிக்க வைத்து, திருப்பூரில் திருமணம் செய்துகொடுத்தார். அதன் பிறகு முழங்கால்கள் மறுத்துவிட்டன. இனி ஈரச் சரிவில் குந்தி உட்காரக் கூடாது, நின்றுகொண்டு செய்யும் வேலை ஏதாவது பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார்.

குமுளி ஜீப் நிறுத்தத்தில் ஒரு தட்டி இருந்தது. பெண்களுக்கு எண்ணெய் மசாஜ் பயிற்சி, ஆறு மாதம், சான்றிதழ் உண்டு என்று மலையாளத்தில் எழுதியிருந்ததை அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார்.

உறவில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அலுவலகத்தில் கேட்டவர்களிடம், “அக்கா ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கிறாங்க” என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு வயது இருபத்தேழு. அக்காவுக்கு நாற்பத்து நான்கு. முதல் நாள் டீச்சர் அக்காவின் கையை வாங்கித் தடவிப் பார்த்தாராம்.

“சேச்சி, இது கையோ, அரமோ? மேல வச்சா தோலு போகுமே!”

“பதினெட்டு வருசம் ஏலக்கா பறிச்ச கை, டீச்சர். ஒரு மாசம் பொறுங்க, பூவாட்டம் ஆக்கிக் காட்டுறேன்.”

தினமும் இரண்டு வேளை, வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீரில் கைகளை ஊறவைத்தார். வெடிப்புகள் மூடின. நகத்தடியில் இருந்த கறை மட்டும் கடைசிவரை போகவில்லை.

பயிற்சியில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொருவரும் ஓர் ஏடு வைத்திருக்க வேண்டும். முப்பது பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து, அவர்களிடம் அந்த ஏட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவரை இரண்டு முறை கணக்கில் சேர்க்க முடியாது. முப்பது இல்லையென்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் அக்கா திரும்பவும் ஏலத்தோட்டத்துச் சரிவில்தான் உட்கார வேண்டும்.

கூடலூர் வீட்டின் பின்னறையைத் தயார் செய்தது நான். நாடா பிடித்து அளந்தேன். ஆறரை அடிப் பலகையை அந்த ஒடுக்கமான அறையில் ஒரே வாக்கில்தான் போட முடிந்தது. சன்னல் வடக்கே இருந்ததால், கழுத்தும் தோளும் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று தலையணையை அந்தப் பக்கம் வைத்தேன். படம்கூட வரைந்து நாட்குறிப்பில் ஒட்டிவைத்தேன்.

முதல் கையெழுத்து என்னுடையது. ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து பத்துக்குப் படுத்தேன். எண்ணெய் இளஞ்சூடாக முதுகில் இறங்கியது. அக்காவின் உள்ளங்கை தோளிலிருந்து இடுப்புக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. எங்கோ குமுளி பஸ் ஏற்றத்தில் முனகியது. பிறகு அந்தச் சத்தம் பஸ்ஸுடையதா, எனக்குள்ளிருந்து வந்ததா என்று தெரியவில்லை. நான் மிகச் சிறியவளாகி, ஏதோ ஒரு வாய்க்காலில் மிதந்து போனேன். தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது, கரையும் நகர்ந்தது. எழுந்தபோது சன்னல் இருண்டிருந்தது. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் தொடங்கிய நேரம் இருக்கிறது. முடிந்த நேரத்துக்கு எதிரே, “தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறேன்.

உடன் பயின்ற எட்டுப் பேர் எட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மீதியைப் போடுவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தவர்கள் அக்காவுடன் ஜீப்பில் போய்வந்த பெண்கள். சொன்னபடி வரவும் செய்தார்கள். ஆனால் பின்னறை வாசல்வரை வந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்ததும், “அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்”, “மருமக தேடுவா” என்று திரும்பிவிட்டார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. தேர்வுக்கு இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது அக்கா வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

“இந்த வேலைய அசிங்கம்னு நெனைக்கிறாகளோ?” என்று கேட்டார்.

அப்படி நினைத்தவளிடமே அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் முருகாயி மதினி வந்து, வழக்கம்போல வாசலில் நின்றார். பதினெட்டு ஆண்டும் ஜீப்பில் அக்காவின் பக்கத்து இடம் அவருடையது. அவர் ஏறினால் எஞ்சின் சத்தம் கேட்காது என்பார்கள். நான் நேராகவே கேட்டேன்.

“ஏன் மதினி, உள்ள பாத்துட்டு ஓடுறீக? எங்க அக்கா என்ன கடிச்சா திங்கப்போகுது?”

“கடிச்சாக்கூடப் பரவாயில்ல ஆத்தா. பலகையப் போட்டு, வடக்க தலமாட்ட வச்சு, எண்ணெய்க் கிண்ணத்தையும் ஏந்திக்கிட்டு ‘வந்து படு’ன்னா எவ படுப்பா? நாங்க உசுரோட எந்திரிச்சு வீட்டுக்குப் போக வேணாமா?”

நம் பக்கத்தில் யாரும் வடக்கே தலைவைத்துப் படுப்பதில்லை. பலகையில் கிடத்திப் பிறர் எண்ணெய் வைப்பதும் கடைசிக் குளியலுக்குத்தான். இதெல்லாம் எனக்கும் தெரியும். அங்குல அளவில் படம் போட்ட எனக்கு, திசை மட்டும் கண்ணில் படவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“நாந்தேன் வச்சேன் மதினி. வெளிச்சத்தப் பாத்தேன், தெசையப் பாக்கல.”

தலையணையை எடுத்துப் பலகையின் மறுமுனையில் போட்டார். அவ்வளவுதான்.

“இத மொத நாளே செஞ்சா என்னவாம்? மூணு வாரமா இடுப்பு வலியோட சாகுறேன்” என்றபடி மதினி படுத்தார். “மெல்ல ஆத்தா, நான் என்ன ஏலக்கா மூடையா?” என்றார். இன்னும் ஏதேதோ சொன்னார். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

வாசலில் நின்ற பெண்களுக்குப் பயம் வந்துவிட்டது. “ஏடி, முருகாயி சத்தத்தையே காணோமே! உசுரு இருக்கா?”

“இருக்கு, இருக்கு. சும்மா கெடங்கடி” என்று உள்ளேயிருந்து கிறங்கிய குரல் வந்தது.

அதன் பிறகு ஜீப் வந்து நின்றதும் நேரே பின்னறைக்குத்தான். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஏட்டில் இருபத்தொன்பது கையெழுத்து. வருவதாக இருந்த ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

நான்தான் சொன்னேன்: “அம்மா பேர எழுதிருவோம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“ஒனக்குத் தெரியும்ல. இன்னிக்கு டைரியில என்னன்னு எழுதுவ?”

காலியான அந்த ஒரு வரியோடு மறுநாள் குமுளிக்குப் போனோம். மலை முழுக்க மூடுபனி. டீச்சர் ஏட்டைப் புரட்டி, விரல் வைத்து எண்ணினார்.

“ஒண்ணு குறையுதே, சேச்சி.”

“ஆமா டீச்சர். பொய்யா ஒண்ணு எழுத மனசு வரல. அடுத்த தடவ வாரேன்.”

டீச்சர் ஏட்டை மூடி வைத்தார். பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டார். “நாலு வருஷமா தினம் அஞ்சு பேருக்குச் செய்யறேன். எனக்கு ஒருத்தரும் செஞ்சதில்ல. டீச்சர் கூடாதுன்னு விதியில எழுதல, சேச்சி. எண்ணெயைச் சூடாக்கு.”

நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். பனி சன்னல்வரை வந்து நின்றது. கதவிடுக்கில் பார்த்தபோது டீச்சர் வாய் லேசாகத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்திருந்தது. அக்கா எழுப்பவில்லை. எண்ணெய்க் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, தூளிப் பக்கத்தில் நிற்பவரைப் போல நின்றிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்த டீச்சர் முப்பதாவது கையெழுத்தைப் போட்டார். அன்றைய தேர்விலும் அக்கா தேறினார். திங்கட்கிழமை அலுவலகத்தில், அக்கா மசாஜ் படித்துத் தேறிவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதன் பின் பதினோரு ஆண்டுகள் குமுளியில் அக்கா அந்த வேலையைச் செய்தார். எந்தெந்த நாட்டு முதுகுகளோ அந்தக் கைகளின் கீழ் உறங்கின. “பாஷை தெரியலன்னாலும் எங்க வலிக்குதுன்னு தோளு சொல்லிரும்” என்பார். கூடலூரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கும், பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கும் விடுமுறை நாட்களில் போய்ச் செய்துவந்தார்.

நோய் தெரிந்தபோது முற்றியிருந்தது. தேனி மருத்துவமனையில் இருபத்திரண்டு நாட்கள், பிறகு வீடு. நான் கால் அமுக்கினால், “ஆபீசு சீல் குத்துற மாதிரி குத்துற. வெரல்ல இல்லடி, உள்ளங்கையில” என்று திருத்துவார். ஜீப் பெண்கள் முறைவைத்து வந்து கால் பிடித்தார்கள். அவர்களையும் திருத்தினார். கடைசி மூன்று நாட்கள் யாரையும் திருத்தவில்லை.

அக்காவை இறுதிவரை தாங்கிய மகளுக்கும் மருமகனுக்கும், தேனி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பின்சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டு அழைத்துப்போன ஜீப் ஓட்டுநருக்கும், செய்தி கேட்டவுடன் வந்து சேர்ந்த டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காரியம் முடிந்த மறுநாள், நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். முருகாயி மதினி பின்னால் வந்து நின்றார். கேட்காமலே என் கழுத்தில் கை வைத்தார்.

“எழுதுனது போதும் ஆத்தா. தோள எறக்கு.”

உள்ளங்கையைத்தான் வைத்தார். கழுத்திலிருந்து தோளுக்குப் போனது, திரும்பி வந்தது. பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். பாதியிலேயே நான் தூங்கிப்போனேன்.

— அன்புத் தங்கை