கட்டுமரமும் இன்னொன்றும்

நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதி முதியோர் கூடும் மண்டபத்தில், ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களைப் பற்றி முழங்கினேன். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி என்று ஒரே பீற்றல். கைதட்டிவிட்டு எல்லோரும் வடைக்குப் போனார்கள்.

மண்டபம் துடைக்கும் மனிதர் மட்டும் என்னிடம் வந்தார். நரைத்த மீசை, மடித்துவிட்ட காற்சட்டை. மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை வைக்காமல் அவர் வாளியைத் தொடமாட்டார்.

"மாஸ்ரர், ஒண்டை விட்டிட்டியள். 'பரையா'."

ஒதுக்கப்பட்டவன் என்பது அதன் ஆங்கிலப் பொருள். பறையடித்தவர்களின் சாதிப் பெயரிலிருந்து போன சொல்.

"மறந்துபோச்சு" என்றேன். பொய்.

"கட்டுமரத்தைவிட அதெல்லோ தூரம் ஓடினது! இஞ்ச பிரெஞ்சிலயும் நிக்குது. எங்கட பேரை இவ்வளவு தூரம் தள்ளிவிட்டது உங்கட ஆக்கள்தானே. பிறகேன் வெக்கம்?"

சிரித்தபடி பலகையை என் காலடியில் வைத்தார். "கவனம் மாஸ்ரர், வழுக்கும்."

போன மாதம் அதே பேச்சை மறுபடியும் பேசினேன். அவர் கதவோரம் நின்று கேட்டார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. முன்வரிசையில் என் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மிளகுதண்ணியோடு முடித்துக்கொண்டேன்.

கைதட்டலுக்கு நடுவே அவர் மஞ்சள் பலகையைத் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி நடந்து வந்தார்.